விளைஞ்சதை வைக்க இடமிருக்கா?

சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற சொந்தக்காரர், கூடப் படித்தவர் என்று யாராவது ஒருத்தர் திடீரென்று போன் பண்ணி, "உங்க ஊர்ப் பக்கம் ஒரு ஏக்கர் கிடைக்குமா? வாங்கிப் போட்டு, நாமளே விளைவிச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்துரலாம்னு பாக்குறேன்" என்று கேட்பது எனக்குப் பழகிப்போன விஷயம். எப்போது கேட்பார்கள் என்பதுகூட எனக்கு அத்துபடி. 2020-ல் ஊரடங்கு போட்டபோது கேட்டார்கள், ஜூன் கடைசியில் மதுரையில் மறுபடி முழுசாக அடைத்தபோது இன்னும் அதிகமாகக் கேட்டார்கள். 2022-ல் உக்ரைனில் சண்டை தொடங்கி இங்கே சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோதும், அதே வருஷம் இலங்கையில் சனம் கேஸ் சிலிண்டருக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நிற்பதை டிவியில் பார்த்தபோதும் வந்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்கிற நிலைமை வந்ததே, அப்போதும் வந்தது. விலை இறங்கியதும் போனும் நின்றுவிடும்.

கேட்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. கிணறு இருக்கா, போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணி, கரண்டு சர்வீஸ் உண்டா, செம்மண்ணா கரிசலா, மயில் தொல்லை எப்படி என்றெல்லாம் வரிசையாகக் கேட்பார்கள். ஆனால் ஒருத்தர்கூட, "விளைஞ்சதை எங்கே வைக்கிறீங்க, எத்தனை மாசம் கெடாம இருக்கும், யாரு புடைக்கிறது, எங்கே கொண்டுபோய் அரைக்கிறது" என்று கேட்டதில்லை. என்னைக் கேட்டால் தற்சார்பில் முக்கால்வாசி அதுதான். விதைக்கிறதும் அறுக்கிறதும் மிச்சமுள்ள கால்வாசி. அதற்கு டிராக்டரும் கிடைக்கிறது, முன்னாடியே சொல்லி வைத்தால் ஆளும் கிடைக்கிறது.

எங்கள் நிலம் டி.கல்லுப்பட்டியைத் தாண்டிப் பேரையூர் போகிற பக்கம். என் வீட்டுக்காரருடைய பூர்வீகம், மானாவாரிக் கரிசல். மதுரை என்றதும் வைகையும் பெரியாறு கால்வாயும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அந்தத் தண்ணி கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம் என்று கணக்குப் பண்ணி விடுகிற தண்ணி. எங்கள் காட்டுக்கு அதில் ஒரு சொட்டு கிடையாது. வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து விதைப்போம். குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, ஓரத்தில் துவரை, கொஞ்சம் மல்லி, மாட்டுக்குச் சோளம். பயறு முதலில் வரும், குதிரைவாலிக்கு மூணு மாசத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், துவரை எல்லாவற்றுக்கும் கடைசி. மாசி முடிவதற்குள் காடு காலி. அப்புறம் பங்குனி வெயிலில் தரை வெடிக்க ஆரம்பித்தால் அடுத்த மழை வரைக்கும் அங்கே பச்சை என்று சொல்ல வேலிக்கருவேலம்தான் நிற்கும்.

ஆக, வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டியது ரெண்டு மாசத்துக்குள் மொத்தமாக வீட்டுக்கு வந்து இறங்குகிறது. மீதிப் பத்து மாசமும் அதைக் காப்பாற்றுகிற வேலை. பட்டணத்தில் ஒரு ஏக்கர் கனவு காண்கிறவர்கள் தினம் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு போய்க் கத்தரிக்காய் பறித்து வருவதுபோல நினைத்துக்கொள்கிறார்கள். கிணற்றுப் பாசனம் இருந்தால் அது கொஞ்சம் நடக்கும். ஆனால் கத்தரிக்காயைத் தின்று வயிறு நிறையுமா? வயிற்றை நிறைப்பது தானியமும் பருப்பும் எண்ணெயும்.

நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், அதனால் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டே பார்த்துவிட்டேன். வீட்டில் அஞ்சு பேர்: நாங்கள் ரெண்டு பேர், அத்தை, பிள்ளைகள் ரெண்டு. சோறு, களி, இட்லி தோசை எல்லாம் சேர்த்து மாசம் 40 கிலோ தானியம் என்று வையுங்கள், வருஷத்துக்கு 480 கிலோ. இது உமி நீக்கிய அரிசிக் கணக்கு. குதிரைவாலியை 100 கிலோ கொடுத்து 60 கிலோ அரிசி திரும்பி வந்தால் அது நல்ல மில். அப்படியென்றால் உமியோடு 800 கிலோ வீட்டில் இருக்க வேண்டும். பருப்பு, பயறு மாசம் 5 கிலோ, வருஷத்துக்கு 60. கடலை எண்ணெய் மாசம் 4 லிட்டர் என்றால், செக்கில் ஆட்ட லிட்டருக்கு ரெண்டரை கிலோ கடலைப்பருப்பு என்று வைத்து, 120 கிலோ. மிளகாய், மல்லி, புளி எல்லாம் சேர்த்து ஒரு 30 கிலோ. அப்புறம் விதைக்கு எடுத்து வைப்பது தனி. கூட்டிப் பார்த்தால் ஒரு டன்னைத் தாண்டுகிறது. திருமங்கலத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில் ஒரு டன் தானியத்தை எங்கே வைக்க? கட்டிலுக்கு அடியில் ரெண்டு ட்ரம் வைத்ததற்கே வீட்டுக்காரம்மா ஒரு மாதிரிப் பார்த்தார். அதனால் ஊர் வீட்டில்தான் எல்லாம் இருக்கிறது, அங்கே அத்தைதான் கண்காணிப்பு. உள்ளதைச் சொல்கிறேன், நாங்கள் சாப்பிடுவதில் பாதிதான் எங்கள் காட்டுச் சாப்பாடு. மீதி கடை அரிசிதான்.

பயறிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் முதலில் கெடுவது அதுதான். பயறு வண்டு வீட்டில் வந்து ஏறுவதாகப் பலபேர் நினைக்கிறார்கள். அது காட்டிலேயே, நெற்று முற்றும்போதே முட்டையிட்டுவிடும். பாசிப்பயறைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் தோல்மேல் வெள்ளையாக ஒரு புள்ளி ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால்தான் வரும். அதுதான் முட்டை. புழு அதிலிருந்து நேராகப் பயறுக்குள்ளே துளைத்துப் போய், உள்ளேயே இருந்து தின்று, ஒரு மாசம் போல ஆனதும் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். அந்த வண்டு மறுபடி முட்டை. தையில் மூட்டை கட்டியதைச் சித்திரையில் பிரித்தால் பாதி பொடியாகக் கிடப்பது இதனால்தான்.

இதற்கு அத்தை வைத்திருக்கிற முதல் பரிசோதனை பல். களத்தில் காய்கிற பயறில் நாலஞ்சு இடத்தில் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கடிப்பார். "கடிச்சா கடக்குன்னு ரெண்டாப் போகணும்த்தா. நசுங்குச்சுன்னா இன்னும் ஒரு வெயில் வேணும்." கடக்கென்று உடைந்தாலும் உடனே ட்ரம்மில் போட விடமாட்டார். வெயில் சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் ராத்திரி வீட்டுக்குள் பரப்பி ஆறவிட்டு, காலையில்தான் அள்ளுவோம். பயறின் மேலே ஒரு விரல்கடை உயரத்துக்குக் காய்ந்த ஆற்று மணலைப் பரப்பிவிடுவது ஒரு முறை. மேலேயிருந்து வண்டு உள்ளே போகாது, உள்ளே பிறந்ததும் மேலே வந்து பெருகாது. கொஞ்சமாக இருந்தால் விளக்கெண்ணெய் தடவி வைப்போம். வேப்பிலையும் நொச்சியும் போடுகிறோம்தான், ஆனால் சரியாகக் காயாத பயறை எந்த இலையும் காப்பாற்றாது. வேப்பிலை போட்டால் போதும் என்று வீடியோ போடுகிறவர்கள் ஆறு மாசம் கழித்து அந்த ட்ரம்மைத் திறந்து காட்ட வேண்டும்.

துவரைக்குச் செம்மண் கட்டுவது. ராத்திரி ஊறவைத்து, செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பிசிறி, கும்பலாகக் குவித்து மூடி வைத்து, மறுநாளிலிருந்து காய வைப்பது. நன்றாகக் காய்ந்ததும் மண்ணைச் சலித்துவிட்டுத் திருகையில் உடைத்தால் தோல் கழன்று பருப்பு ரெண்டாக விழும். உடைத்த பருப்பில் வண்டு அவ்வளவாக விழாது, அதற்கு முழுப்பயறுதான் வேண்டும். கரிசல்காரர்களான எங்களுக்குச் செம்மண்ணே வெளியிலிருந்துதான் வர வேண்டும், ஒரு சாக்கு செம்மண்ணுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது தற்சார்பு என்பதை நினைத்துச் சிரிப்பு வரும்.

குதிரைவாலி இதற்கு நேரெதிர். உமியோடு இருக்கிற வரைக்கும் அதைப்பற்றிக் கவலையே வேண்டாம். கோயில் கலசத்தில் வரகு போட்டு வைத்தது பன்னிரண்டு வருஷம் கழித்தும் முளைக்கும் என்று சுற்றுகிற செய்தியை நான் அப்படியே ஏற்க மாட்டேன், ஆனால் வரகும் குதிரைவாலியும் கேப்பையும் காய வைத்து வைத்தால் வருஷக்கணக்கில் கிடக்கும் என்பது நாங்களே பார்ப்பது. வம்பு எங்கே வருகிறது என்றால் உமி நீக்கியதும். அந்த அரிசி ரெண்டு மூணு மாசத்திலேயே காறல் அடிக்கத் தொடங்கிவிடும். அதனால் மொத்தத்தையும் அரைத்து வைக்க முடியாது, அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரைக்க வேண்டும். மில்லுக்காரரோ ஒரு மூட்டைக்குக் குறைந்து கொண்டுபோனால் மெஷினை ஓட்ட மாட்டார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, போட்டதில் பாதி மெஷினுக்குள்ளேயே நின்றுவிடும். கடைசியில் நாங்களும் பக்கத்து ரெண்டு மூணு வீடும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் சேர்த்துக் கொண்டுபோகிறோம். களத்துக் கல்லும் கூடவே வரும், சோறு வடிக்கும்போது அரித்துத்தான் போட வேண்டும்.

இந்த இடத்தில் ஜே.சி.குமரப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போக மனசில்லை. காந்தியப் பொருளாதார அறிஞர் என்று பெயர் வாங்கிய அந்த மனிதர் கடைசிக் காலத்தில் வந்து இருந்தது எங்கள் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர், நினைத்திருந்தால் பம்பாயில் சம்பாதித்துக்கொண்டு இருந்திருக்கலாம். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். 1960 ஜனவரி 30, அதாவது காந்தி இறந்த அதே தேதியில் இறந்துபோனார். அந்தச் சங்கம் எடுத்துச் செய்த வேலைகளைக் கொஞ்சம் பாருங்கள்: கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், திருகை மாவு, பனைவெல்லம். பெரும்பாலும் அறுவடைக்கு அப்புறம் வருகிற வேலை. விளைகிற இடத்திலேயே குத்தி, ஆட்டி, அரைக்க முடியாத ஊர் எவ்வளவு விளைவித்தாலும் அடுத்தவன் கையைத்தான் பார்க்கணும் என்பதை அவர் அப்போதே பிடித்துவிட்டார். தற்சார்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள், ஊருக்கு ஒரு சின்ன உமி நீக்கும் மெஷின் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

முன்னே இந்தப் பக்கத்து வீடுகளில் தானியம் கொட்டி வைக்கிற குலுக்கை இருக்கும். களிமண்ணில் வைக்கோலைப் பிசைந்து உறை உறையாகச் செய்து அடுக்கி, மேலே மூடியைப் போட்டு மண்ணால் பூசிவிடுவார்கள். அடியில் ஒரு ஓட்டை, துணியைத் திணித்து அடைத்திருக்கும். வேண்டும்போது அதைப் பிடுங்கினால் தேவையானது கொட்டும், மூடியைத் திறக்கிற பேச்சே இல்லை. கீழே இருக்கிற பழசு முதலில் வெளியே வரும், மேலே புதுசு போடலாம். எங்கள் ஊர் வீட்டில் இருந்த குலுக்கை, வீட்டை இடித்துப் புதுசாகக் கட்டியபோதே போய்விட்டது. இப்போது நீல பிளாஸ்டிக் ட்ரம்தான். அதுவும் மோசமில்லை. வாய் வரைக்கும் நிரப்பி இறுக்கி மூடினால் உள்ளே காற்று தீர்ந்து பூச்சி சாகும். பாதி ட்ரம் காலியாக இருந்தால் அந்த வசதி போச்சு, அதனால் ஒரு பெரிய ட்ரம்மைவிட மூணு சின்ன ட்ரம் மேல். எலி மட்டும் பிளாஸ்டிக்கையும் கடிக்கும். அதற்குப் பூனையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

காய்கறி விஷயத்துக்கு வருவோம். ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் காட்டில் போடாத காயெல்லாம் வரும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, அப்புறம் அதலைக்காய். மதுரை, விருதுநகர், தூத்துக்குடி கரிசலைத் தவிர வெளியே இந்தக் காயின் பேர் சொன்னால்கூடத் தெரியாது. பாகற்காய்க்குத் தங்கச்சி, விரல் நுனி அளவுக்கு வரி வரியாக இருக்கும், கசப்பும் உண்டு. யாரும் விதைப்பதில்லை. கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்து, மழை பெய்ததும் தானாகக் கொடி விடும். இன்று பறித்ததை இன்றே சமைக்க வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் காய் தானாக வெடித்து விதை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் லாரியேறி எங்கேயும் போகவில்லை, எங்களுக்கே மிஞ்சியது. ரெண்டு நுனியையும் கிள்ளிவிட்டு, வெங்காயம் நிறையப் போட்டு நல்லெண்ணெயில் வதக்கி, கடைசியில் வறுத்த கடலைப்பொடியைத் தூவி இறக்கினால் அன்றைக்கு வேறு குழம்பு தேவையில்லை. களைக்கொல்லி அடிக்கிற காடுகளில் இதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்தப் பச்சையெல்லாம் தை வரைக்கும்தான். சித்திரை, வைகாசியில் சாப்பிட வத்தல்தான் காய். சுண்டவத்தல், மிதுக்கவத்தல், கொத்தவரை வத்தல், மாவத்தல், மோர் மிளகாய். அதலைக்காயையும் உப்புப் போட்டு அவித்துக் காயவைத்து எடுத்து வைப்போம். புளியும் அந்த நேரத்தில்தான் உலுப்புவார்கள், கொட்டையெடுத்து உப்புப் போட்டு மண்பானையில் அமுக்கி வைத்தால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. வெயில் என்று எல்லாரும் திட்டுகிற அந்த ரெண்டு மாசம்தான் எங்களுக்குப் பதப்படுத்துகிற மாசம், காசு கொடுக்காமல் கிடைக்கிற ஒரே எரிபொருள்.

சரி, இவ்வளவு செய்தால் உலகம் கவிழ்ந்தாலும் தப்பித்துவிடலாமா என்றால், 2016-ஐப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அறிவித்தார்கள். எங்கள் காட்டில் குதிரைவாலி முளைத்தது, கதிர் வந்தது, பால் பிடிக்கவில்லை. முந்தின வருஷத்துக் குதிரைவாலி இருந்ததால் சாப்பாட்டுக்கு இழுத்துப் பிடித்துவிட்டோம். மாட்டுக்குத்தான் வழியில்லை. சோளத்தட்டையை அடுக்கி வைத்த படப்பு மாசியிலேயே தரையைத் தொட்டுவிட்டது, வைக்கோல் கட்டு விலை கேட்கவே முடியவில்லை, ஊரே மாட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனதால் வந்த விலைக்குக் கொடுத்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரெண்டு சட்டம். புது வெள்ளாமை களத்துக்கு வந்து சேர்கிற வரைக்கும் பழசை விற்கக் கூடாது, எவ்வளவு விலை வந்தாலும். படப்பில் ஒரு வருஷத் தட்டை எப்போதும் மிச்சம் நிற்க வேண்டும்.

இன்னொன்று. அந்த வருஷம் ஊரில் எந்த அடுப்பும் அணையாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் ட்ரம்மோ குலுக்கையோ இல்லை, ரேஷன் அரிசி. 2011 ஜூனிலிருந்து இங்கே அரிசி அட்டைக்கு அது இலவசம். அந்த அரிசியைக் கேலி பண்ணிவிட்டுத் தற்சார்பு பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மானாவாரிக்காரன் தைரியமாகக் குதிரைவாலி விதைத்துப் பார்ப்பதே, அது பொய்த்தாலும் மாசம் பிறந்தால் ரேஷன் அரிசி வந்துவிடும் என்கிற நம்பிக்கையில்தான்.

ஆக, நிலம் கேட்டு எனக்குப் போன் பண்ணுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் சொல்வது இதுதான். ஏக்கர் அப்புறம் வாங்கலாம், முதலில் ஒரு வருஷத்துப் பருப்பையும் மிளகாயையும் புளியையும் வீட்டில் வாங்கி வைத்து, பூச்சி விழாமல் அடுத்த தை வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். மாசி, பங்குனியில் வாங்கினால்தான் புதுசும் கிடைக்கும், விலையும் படியும். விவசாயி யாரையாவது தெரிந்தால் நேராக அவர் களத்துக்கே போங்கள், இல்லாவிட்டால் மதுரையில் கீழமாசி வீதிப் பக்கம் மொத்தக் கடைகள் இருக்கின்றன. பயறைக் கையில் அள்ளி வெள்ளைப் புள்ளி இருக்கா என்று பாருங்கள், ஒன்றை எடுத்துக் கடித்தும் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.